வன்னியில் இரவில் கார் ஓட்டுகிறீர்களா? பல்ப் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பினால், கடைசிக் கடையின் வெளிச்சம் பின்கண்ணாடியில் மறைந்த பிறகு உங்கள் கார் லைற் மட்டும்தான் துணை. போன வருடம் அந்த வீதியில், இரவு எட்டரை மணிபோல, தார்ச் சூட்டுக்குப் படுத்திருந்த ஒரு கறுப்பு மாட்டை இருபது மீற்றர் கிட்டத்தில் வைத்துத்தான் கண்டேன். மாடு எழும்பவேயில்லை. நான்தான் கிரவல் ஓரத்துக்குள் இறங்கி நின்றேன்.

அடுத்த நாளே கடைக்குப் போய் 14,500 ரூபாய்க்கு எல்.ஈ.டி. பல்ப் ஒரு சோடி வாங்கினேன். அது சரிவரவில்லை என்று 24,000 ரூபாய்க்குப் பாவித்த ஹெட்லைற் ஒரு சோடி வாங்கினேன். அதுவும் பிழைத்தது. கடைசியில் பிரச்சினை 11,000 ரூபாய்க்குள் தீர்ந்தது. அதில் பெரிய பங்கு வேலை ஒரு துருப்பிடித்த போல்ற்றைச் சுரண்டியதுதான். வன்னிக்குப் புதிதாக வந்து ஓட்டுகிறவர்களும் முதல் கார் வாங்கியவர்களும் நான் போன வழியால் போகவேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். ஒழுங்கு முக்கியம்: லைற்றின் கண்ணாடி, உயரம், கரண்ட், அதற்குப் பிறகுதான் பல்ப். எல்லோரும் கடைசியில் இருந்து தொடங்குகிறோம்.

1. குறை எதுவென்று முதலில் பிடியுங்கள்

செலவில்லை, பத்து நிமிடம் போதும். இருட்டிய பிறகு ஒரு சுவருக்கு முன்னால் காரை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு லைற்றைப் போடுங்கள். அக்சிலேற்றரைக் கொஞ்சம் மிதிக்க வெளிச்சம் கூடினால் கரண்ட் பிரச்சினை. ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் அந்தப் பக்க பல்ப், அல்லது எர்த் (கரண்ட் பற்றறிக்குத் திரும்பும் இணைப்பு). வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ஆனால் பொனற்றுக்கு முன்னால் கொஞ்சத் தூரம் மட்டும்தான் தெரிகிறது என்றால் லைற் தாழ்ந்திருக்கிறது. றோட்டோரப் பாலை மரத்தின் கிளை தெரிந்தால் உயர்ந்திருக்கிறது. வெளிச்சம் எல்லாப் பக்கமும் புகைபோலப் பரவினால் கண்ணாடி மங்கிவிட்டது.

ஒரு காரில் இதில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். என்னுடையதில் மூன்று.

2. கண்ணாடியைத் துலக்குங்கள்

கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, இப்போதைய கார்களில் அது பொலிகாபனேற் பிளாஸ்ரிக். மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு இருக்கும். வெயில் பட்டுப் பட்டு அது போனதும் பிளாஸ்ரிக் மஞ்சளாகி வெடிக்கும். எங்கள் கிரவல் றோட்டுப் புழுதியை உலர்ந்த துணியால் துடைக்கிற பழக்கம் இருக்கிறதே, அது மிச்சத்தையும் சுரண்டிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகுதான் துணி.

மங்கியதைத் திருத்த 1000, 1500, 2000, 3000 என்று நாலு வகை வோட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் சாண்ட் பேப்பர்) வேண்டும். சுற்றிவரப் பெயின்ற்றுக்கு ரேப் ஒட்டுங்கள். தண்ணீர் விட்டு விட்டு, கரடானதில் தொடங்கி மென்மையானது வரை ஒரே திசையில் தேயுங்கள். 1000 தேய்த்ததும் கண்ணாடி பால் மாதிரி வெளுக்கும், பயந்து நிறுத்தவேண்டாம். 3000 முடிந்து பொலிஷ் பண்ணும் கொம்பவுண்ட் போட்டதும் தெளியும்.

பலர் தவறவிடுவது இதற்குப் பிறகுதான். மேலே யூ.வி. கிளியர் (வெயிலைத் தடுக்கும் நிறமில்லாப் பூச்சு) அடிக்காவிட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சளாகும், முந்தியதைவிட வேகமாக. பற்பசை தேய்த்துக் காட்டும் வீடியோக்களை நம்பி நானும் தேய்த்தேன். இரண்டு கிழமை பளபளத்தது. கிளியர் காய ஒரு நாள் விடவேண்டும், புழுதி படக்கூடாது, மழையும் கூடாது. ஆகவே ஐப்பசி மழை தொடங்க முன் செய்துவிடுங்கள். எனக்குச் சாமான் செலவு 2,400 ரூபாய், அரை நாள் வேலை.

3. லைற்றின் உயரத்தைச் சரிசெய்யுங்கள்

காசு இல்லாமல் கிடைக்கும் பெரிய இலாபம் இதுதான். ஆனால் ஒரு சிக்கல்: சமதரை வேண்டும். வன்னியில் எங்கள் முற்றங்கள் மணல், இல்லாவிட்டால் கிரவல். நான் கண்டுபிடித்த இடம், ஒரு நெல் களஞ்சியத்தின் பக்கத்தில் நெல் காயப்போடும் சீமெந்துத் தளம். பக்கத்திலேயே வெள்ளைச் சுவர். அறுவடைக் காலத்தில் கிடைக்காது. மற்ற நாட்களில் கேட்டால் விடுவார்கள். தளம் மட்டமா என்று கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது. மேசன்மார் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் அந்த நீண்ட ரியூப் இருக்கிறதே, அதை இரவல் வாங்கிப் பாருங்கள். நான் மட்டம் என்று நினைத்த இடம் ஐந்து மீற்றருக்கு நாலு சென்ரிமீற்றர் சரிந்திருந்தது. சரிக்கட்டவேண்டிய அளவே ஐந்து சென்ரிமீற்றர் என்றால் நாலு எவ்வளவு பெரிது என்று பாருங்கள்.

காரை ஆயத்தப்படுத்துங்கள். நாலு ரயருக்கும் சரியான காற்று. ராங்கில் பாதி எண்ணெய். டிக்கியில் இருக்கும் உர மூட்டையை இறக்குங்கள். சாரதி ஆசனத்தில் உங்கள் நிறையில் ஒருவர் இருக்கட்டும். ஸ்ரியறிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சில்லு இருந்தால் அதை 0 இல் வையுங்கள். அந்தச் சில்லு எதற்கு என்று தெரியாமல் மூன்றில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் பாரம் ஏற்றும்போது மூக்கு உயரும், அப்போது லைற்றைத் தாழ்த்தத்தான் அது.

இனி வேலை. காரைச் சுவரோடு ஒட்டியபடி நேராக நிறுத்தி, ஒவ்வொரு பல்ப்பின் நடுவுக்கும் நேரே சுவரில் ரேப்பால் ஒரு சிலுவைக் குறி போடுங்கள். பிறகு நேராகப் பின்னால் எடுத்து, லைற்றில் இருந்து சுவர் சரியாக 5 மீற்றர் வரும் இடத்தில் நிறுத்துங்கள். சிலுவைகளுக்கு 5 சென்ரிமீற்றர் கீழே நீளமாக ஒரு கோடு ஒட்டுங்கள். கணக்கு இலகு: நூறுக்கு ஒன்று. 10 மீற்றர் தூரத்தில் நிறுத்தினால் 10 சென்ரிமீற்றர்.

டிம் லைற்றை (கிட்டத்துக்கான தாழ்ந்த வெளிச்சம்) போட்டு ஒரு பக்கத்தைச் சாக்கால் மூடுங்கள். மற்றப் பக்கத்தின் வெளிச்சத்துக்கு மேல் விளிம்பு ஒன்று தெரியும்: வலப்பக்கம் நேராகப் போய், நடுவில் இருந்து இடப்பக்கம் மெல்ல மேலே ஏறும். நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறவர்கள். எதிரே வருகிறவரின் கண்ணில் படாமல், எங்கள் பக்கத்துச் சைக்கிள்காரர் தெரியவேண்டும் என்பதற்காக அப்படி. அந்த நேரான பகுதி கோட்டில் உட்காரவேண்டும். அது ஏறத் தொடங்கும் முடக்கு, சிலுவைக்கு நேர் கீழே இருக்கவேண்டும். லைற்றின் பின்பக்கம் மேலும் கீழும் அசைக்க ஒரு ஸ்குறூ, இடம் வலம் அசைக்க இன்னொன்று இருக்கும். கால் சுற்றுச் சுற்றாகத் திருப்புங்கள். எச்4 பல்ப் (டிம்மும் ஹெட்டும் ஒன்றிலேயே வருவது) போட்ட காரில் டிம்மைச் சரிப்படுத்தினால் ஹெட்டும், அதாவது தூர வெளிச்சமும், தானாகச் சரிவரும்.

ஸ்குறூ சுற்றியும் லைற் அசையாவிட்டால் உள்ளே பிளாஸ்ரிக் தாங்கி உடைந்திருக்கும், அல்லது கார் முன்பு எங்கேயோ இடிபட்டிருக்கும். பாவித்த காரை வாங்க முன் இதைச் சுற்றிப் பார்ப்பது நல்ல சோதனை.

கராஜில் கொடுத்தால் கூலி பெரிதில்லை. ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குக் கையை லைற்றுக்கு முன்னால் பிடித்துப் பார்த்து "சரி அண்ணை, கொண்டுபோங்கோ" என்கிறவரிடம் கொடுக்கவேண்டாம்.

4. பல்ப்புக்குக் கரண்ட் போகிறதா?

நான் ஐந்து மாதம் அலைந்தது இந்த இடத்துக்கு வராததால்தான். கிளிநொச்சிப் பக்கம் வயறிங் வேலை செய்யும் ஒரு ஐயாவிடம் யாரோ அனுப்பினார்கள். நான் எல்.ஈ.டி. கதை, ஹெட்லைற் கதை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை வெற்றிலை போட்டபடி கேட்டார். பிறகு, "தம்பி, பல்ப்பில பிழையில்லை. சாப்பாடு அங்க போய்ச் சேரேல்லை" என்றார்.

மல்ரிமீற்றரை எடுத்து எஞ்சின் ஓடும்போது பற்றறியில் பிடித்தார்: 14.1 வோல்ற். லைற்றைப் போட்டபடி பல்ப்பின் பின்முனையில் பிடித்தார்: 11.4. ஹலஜன் பல்ப்பின் குணம் என்னவென்றால், வோல்ற் கொஞ்சம் குறைய வெளிச்சம் மிகப் பெரிதாகக் குறையும். பத்து வீதம் வோல்ற் குறைந்தால் முப்பது வீதம் வெளிச்சம் போய்விடும். என் காரில் இருந்த வித்தியாசத்துக்கு ஏறக்குறைய பாதி வெளிச்சம் வழியிலேயே தொலைந்திருக்கிறது. இதற்குள் எந்த பல்ப்பைப் போட்டு என்ன?

அடுத்து மீற்றரின் ஒரு முனையை பல்ப்பின் எர்த் முனையிலும் மற்றதைப் பற்றறியின் மைனசிலும் வைத்தார். அங்கே பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கவேண்டும், 1.8 காட்டியது. "முல்லைத்தீவுக் கரையிலயோ நிக்கிறது?" என்று கேட்டார். கார் நிற்பது கடலில் இருந்து அரைக் கிலோமீற்றரில். எர்த் வயர் பொடியோடு சேரும் போல்ற்றைக் கழற்றிக் காட்டினார். உப்புக் காற்றில் பச்சையும் கபிலமுமாகப் பூத்திருந்தது. சாண்ட் பேப்பரால் இரும்பு மின்னும்வரை சுரண்டி, கிறீஸ் தடவி இறுக்கினார். அவ்வளவுதான், அந்த 1.8 போய்விட்டது.

மிச்சக் குறைவு பழைய சுவிச்சும் மெல்லிய வயரும். அதற்கு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிச்) போடவேண்டும். பற்றறியில் இருந்து பியூசோடு தடித்த வயர் நேரே ரிலேக்கு வந்து பல்ப்புக்குப் போகும். பழைய சுவிச் ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் பார்க்கும். டிம், ஹெட் இரண்டுக்கும் வேறு வேறு ரிலே. வயர் 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. பியூஸ் பற்றறிக்குக் கிட்ட இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வயர் உரசி நெருப்புப் பிடிக்க இடமுண்டு. எனக்கு வயறிங் செற் 3,200, கூலி 1,500, இரண்டு மணித்தியாலம். முடிந்த பிறகு பல்ப்பில் 13.6 வோல்ற்.

இரண்டு எச்சரிக்கை. புதுக் கார்களில் லைற்றைக் கம்பியூட்டர் கட்டுப்படுத்தும். அதில் வயரை வெட்டி ரிலே போடப் போகாதீர்கள், எர்த்தை மட்டும் துப்புரவாக்குங்கள். ஹைபிரிட் கார் என்றால் செம்மஞ்சள் நிற வயர்களுக்குக் கிட்டவும் கை போகக்கூடாது.

5. இப்போது பல்ப்

பழைய காரில் பெரும்பாலும் எச்4: ஒரே பல்ப்பில் ஹெட்டுக்கு 60 வாற்ஸ், டிம்முக்கு 55 வாற்ஸ். மற்றவற்றில் எச்7, எச்11 என்று வரும். பழைய பல்ப்பின் அடியில் எழுதியிருப்பதைப் பார்த்து அதையே வாங்குங்கள். நல்ல கம்பனி ஹலஜன் சோடி எனக்கு 3,600 ரூபாய். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பல்ப்பின் கண்ணாடியை விரலால் தொடவேண்டாம். விரலின் எண்ணெய் பட்ட இடம் சூடேறி பல்ப் சீக்கிரம் போகும்.

கடையில் மூன்று சாமானை நீட்டுவார்கள். ஒன்று, 100/90 வாற்ஸ் பல்ப். இரண்டு ஹெட்டும் சேர்ந்தால் 200 வாற்ஸ், 17 அம்பியர் கிட்ட இழுக்கும். காரின் வயறிங் அதற்குச் செய்ததல்ல, சொக்கற் உருகும். இரண்டு, நீல நிறம் பூசிய ஹலஜன். பார்க்கப் புதுக் கார் மாதிரி இருக்கும், ஆனால் பூச்சு வெளிச்சத்தை மறிக்கும். எங்கள் கறுத்தத் தார் றோட்டில், மழையில், ஒன்றும் தெரியாது. மூன்றாவது நான் ஏமாந்தது.

ஹலஜனுக்குச் செய்த லைற்றுக்குள் எல்.ஈ.டி. போட்டால் என்ன நடக்கும்? பல்ப்புக்குப் பின்னால் இருக்கும் குழிக் கண்ணாடி, மெல்லிய தந்தி ஒன்று குறிப்பிட்ட புள்ளியில் எரிகிறது என்று கணக்குப் பண்ணிச் செய்தது. எல்.ஈ.டி. யின் ஒளிரும் சிப்புகள் அதே புள்ளியில், அதே அளவில் இருப்பதில்லை. வெளிச்சம் சிதறும். பொனற்றுக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று இருக்கும், மனம் குளிரும். அந்தக் கிட்ட வெளிச்சத்துக்குக் கண் பழகிப்போக, தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். எனக்கு முன்னால் வந்த லொறிகள் எல்லாம் ஹெட்டை அடித்து அடித்துப் போனபோது, அவர்களுக்கு என்ன வருத்தமோ என்றுதான் நினைத்தேன். அதோடு றேடியோ இரைந்தது. நாலாம் மாதம் செம்புழுதி உள்ளே போய் ஒரு பக்கத்துக் குட்டி விசிறி நின்று, அந்த பல்ப்பும் மினுக்கத் தொடங்கியது. ஆறு மாத உத்தரவாதம் என்றார்கள்; பில்லை நான் வைத்திருக்கவில்லை.

6. ஹெட்லைற்றையே மாற்றுவதென்றால்

உள்ளே வெள்ளிப்பூச்சு உரிந்திருந்தால் வேறு வழியில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சொல்லி எடுப்பிக்கலாம், வவுனியாவிலும் தேடலாம். போனில் "இன்ன மொடல்" என்று மட்டும் சொல்லவேண்டாம். வாகனப் பதிவுச் சான்றிதழில் இருக்கும் சசி (சேஸிஸ்) இலக்கத்தையும், பழைய லைற்றின் கண்ணாடியில் அச்சாகியிருக்கும் இலக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஒரே மொடலில் ஹலஜன் ஒரு வகை, எச்.ஐ.டி. (தந்தி இல்லாத செனன் பல்ப்) இன்னொரு வகை, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். என் 24,000 ரூபாய் அப்படித்தான் போனது. சொக்கற் பொருந்தவில்லை, கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.

இன்னொரு பொறி: வலப்பக்கம் ஓடும் நாட்டு லைற். வெளிநாட்டில் இருந்து உறவினர் வாங்கி அனுப்புவதில் இது நடக்கும். அதன் வெளிச்சம் வலப்பக்கம் ஏறி, எதிரே வருகிறவரின் கண்ணில் நேரே குத்தும். உயரத்தை எப்படித் திருப்பினாலும் தீராது. ஐரோப்பியச் சந்தை லைற்றுகளில் வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்து இருக்கும். நீங்கள் லைற்றுக்கு முன்னால் நின்று பார்க்கும்போது வலப்பக்கம் காட்டும் அம்புக்குறியும் இருந்தால் அது எங்களைப் போல இடப்பக்கம் ஓடும் நாட்டுக்கு. இரண்டு பக்கமும் அம்பு என்றால் இரண்டுக்கும் பொருந்தும். அம்பே இல்லாவிட்டால் வாங்கவேண்டாம். ஜப்பானில் இடப்பக்கம் ஓடுவதால் அங்கே ஓடிய காரின் லைற்றில் இந்தப் பயம் இல்லை.

7. மேலதிக லைற், பொலிஸ், கடதாசிகள்

கூரையிலும் பம்பரிலும் எல்.ஈ.டி. பார் பூட்டிக்கொண்டு ஓடுவது வயல் வேலைக்குச் சரி, வீதிக்குச் சரியில்லை. பொலிசார் மறித்துக் கழற்றச் சொல்வார்கள். தண்டச் சீட்டும் கிடைக்கலாம். சீட்டு எழுதினால் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். 14 நாளுக்குள் தண்டத்தைக் கட்டிவிடுங்கள். மறந்து நாள் கடந்தால் தொகை இரட்டிக்கும், பிறகு நீதிமன்றம். மார்கழி, தை மாத விடியப்புறப் பனிக்கு வேண்டுமென்றால் காருக்கென்றே வரும் பனி லைற்றை பம்பரின் கீழ்ப்பகுதியில் பூட்டுங்கள். பனி விலகியதும் அணையுங்கள்.

வயறிங்கில் கைவைத்தால் காப்புறுதி நிறுவனத்துக்கு ஒரு தரம் சொல்லிவிடுங்கள். காருக்கு நெருப்புப் பிடித்தால் அவர்கள் முதலில் தேடுவது வெட்டி ஒட்டிய வயரைத்தான். ரிலே, பல்ப், கூலி எல்லாவற்றுக்கும் பில் வாங்கி, வாகன வருமான அனுமதிப்பத்திரம் வைக்கும் உறைக்குள்ளேயே வையுங்கள்.

8. றோட்டில் சோதியுங்கள்

ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு, நேரான, ஆளில்லாத உள்வீதி ஒன்றுக்கு இன்னொருவரோடு போங்கள். டிம்மைப் போட்டபடி, அவர் சாக்கைப் பிடித்துக்கொண்டு காரில் இருந்து ஓரமாக நடக்கட்டும். சாக்கு கண்ணுக்குத் தெரியாமல் போகும் இடம் வரை காலடி எண்ணுங்கள். எனக்கு முன்பு முப்பது காலடி. இப்போது எழுபதுக்குக் கிட்ட.

அந்தக் காலடிகளை மீற்றராக்கி, வேகத்தோடு சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 70 கிலோமீற்றரில் கண்டு, பிறேக் மிதித்து, கார் நிற்க 55 மீற்றர் அளவில் வேண்டும். 50 இல் என்றால் 35 மீற்றர் போதும். டிம் லைற் எவ்வளவு நன்றாக இருந்தாலும் 60 மீற்றர் தாண்டி நம்பமுடியாது. எதிரே வாகனம் இல்லாதபோது ஹெட்டைப் பாவியுங்கள். வெளிச்சம் தெரிந்ததும் டிம் பண்ணுங்கள். எதிரே வரும் மணல் டிப்பர் டிம் பண்ணாவிட்டால் பதிலுக்கு ஹெட் அடித்து இரண்டு பேரும் குருடாகவேண்டாம்; பார்வையை இடப்பக்க வெள்ளைக் கோட்டுக்கு இறக்கி வேகத்தைக் குறையுங்கள்.

கட்டாக்காலி மாட்டின் கண் வெளிச்சத்துக்கு மின்னும், அது உங்கள் பக்கம் பார்த்தால். படுத்து அசைபோடும் மாடு பார்க்காது. மாசியில் வீதியோரம் நெல் காயவிட்டு, அதைச் சுற்றி வைத்த கல்லும் தடியும் இரவிலும் கிடக்கும். பின் லைற் இல்லாத லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி தார் நிறத்திலேயே வரும். புளியங்குளம், நெடுங்கேணிப் பக்கம் யானை குறுக்கிடும்; அதன் தோல் வெளிச்சத்தைக் குடித்துவிடும், டிம்மில் கால் நாலும் மரம் மாதிரித்தான் தெரியும். கண்டால் ஹோன் அடிக்கவேண்டாம், ஹெட்டை மினுக்கவேண்டாம். தூரத்திலேயே நின்று, அது போகும்வரை பொறுங்கள். உங்கள் பக்கம் வந்தால் மெல்லப் பின்னால் எடுங்கள்.

ரயர் மாற்றினால், ஸ்பிறிங் மாற்றினால், ஒரு பல்ப் மாற்றினால்கூட, அந்தச் சீமெந்துத் தளத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். நான் சுவரில் ஒட்டிய ரேப் கிழிந்துபோனதால், களஞ்சியக்காரரிடம் கேட்டு ஒரு சின்னப் பெயின்ற் கோடு போட்டுவைத்திருக்கிறேன். இப்போது ஊர்ப் பெடியள் ஓட்டோவையும் அங்கேதான் கொண்டுவருகிறார்கள்.